கடவுள் எங்களை நேசிக்கிறார், உங்களை இல்லை

பப்புவா நியூ கினியின் மலைநாட்டில், புல் வேய்ந்த சின்னக் கோயில் ஒன்றில், தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தான். கத்தோலிக்கக் குருப்பட்டம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அந்த நாட்டுக்குப் போய் மூன்று மாதம். "கடவுள் நம்மை மிகவும் நேசிக்கிறார்" என்று சொல்ல நினைத்தான். வாயிலிருந்து வந்தது "கடவுள் எங்களை மிகவும் நேசிக்கிறார்" என்று. எங்களை என்றால் எங்களைத்தான், கேட்டுக்கொண்டிருக்கிற உங்களை இல்லை. ஒரு தடவை என்றால் வாய் தவறிவிட்டது என்று விடலாம். எழுதி வைத்துப் படித்ததால் கால் மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை அதையே சொன்னான். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த கிழவிகள் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார்கள்.

'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்பது தமிழ்க் குழந்தைக்கு மூன்று வயதில் தெரியும். "நாம கடைக்குப் போறோம்" என்றால் செருப்பைத் தேடும், "நாங்க கடைக்குப் போறோம்" என்றால் அழ ஆரம்பிக்கும். அவன் பிரசங்கம் செய்த டோக் பிசின் மொழியிலும் அச்சு அசலாக அதே வித்தியாசம் இருக்கிறது. அப்படியிருக்க ஒரு தமிழன் இந்தப் பிழையைச் செய்ய வழியே இல்லை, ஆனாலும் செய்தான். ஏன் என்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வு. பாதிக் காரணம் நான் என்பதால் எழுத வேண்டியது என் கடமையாகவும் இருக்கிறது.

நான் எங்கே வருகிறேன்

காரைக்குடியில் முப்பது வருடத்துக்கு மேல் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பையன் (பெயர் போட வேண்டாம் என்றான், 'தம்பி' என்றே எழுதுகிறேன், இப்போது அவன் அம்மாவே அவனைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறார், எனக்கு அது வாயில் வர மாட்டேன் என்கிறது) பத்தாவது படிக்கும்போதே என் வீட்டுக்கு வந்து முகப்பில் உட்கார்ந்து இலக்கணம் படித்தவன். வெளிநாடு போகிற சபையில் சேர்ந்தான். குருமடத்திலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு நோட்டோடு வருவான். "சார், எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் இங்கிலீஷ் கைகொடுக்கும்ல?" என்று கேட்பான். கொடுக்கும்டா என்று சொல்லி, சொல்லிச் சொல்லித் தேய்த்து, அவன் இங்கிலீஷை நல்ல வெண்கலக் குடம் மாதிரி ஆக்கிவிட்டேன். அந்தப் பெருமையில்தான் வழியனுப்பினேன்.

மூன்று வருடத்தில் அவன் அனுப்பிய குரல் பதிவுகள் என் போனில் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. போன கோடையில் விடுப்பில் வந்தபோது மூன்று நாள் எங்கள் வளவில் உட்கார்ந்து பேசினான். இந்தக் கட்டுரை அந்தப் பேச்சிலிருந்து வந்தது. நான் அந்த நாட்டைப் பார்த்ததில்லை.

பையனுடைய பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விவசாயக் குடும்பம். வருடா வருடம் ஓரியூர் போகிற வீடு. ஓரியூர் தெரியாதவர்களுக்கு: போர்ச்சுக்கல்லில் பிறந்து, இங்கே வந்து காவி கட்டி, 'அருளானந்தர்' என்று பெயர் வைத்துக்கொண்டு மறவர் சீமையில் சுற்றிய ஒரு சாமியாரை 1693 பிப்ரவரி 4 அன்று தலையை வெட்டிக் கொன்ற இடம். அவருடைய இரத்தத்தால்தான் அங்கே மண் சிவந்தது என்று சனங்கள் நம்புகிறார்கள். அந்தச் செம்மண்ணைத் தம்பியின் அப்பத்தா ஒரு டப்பியில் போட்டு வைத்திருப்பார், காய்ச்சல் வந்தால் நெற்றியில் பூசுவார். அந்நிய ஊரில் போய் அந்த ஊர்க்காரனாக ஆன ஒருவருடைய கதையைக் கேட்டே வளர்ந்த பையன். அதனால் தனக்கு அது சுலபமாக வரும் என்று நினைத்துவிட்டான் போல.

தெரிந்த மாதிரி இருக்கிற மொழி

பப்புவா நியூ கினி 1975-இல் ஆஸ்திரேலியாவிடமிருந்து சுதந்திரம் வாங்கிய நாடு. சனத்தொகை நம் தமிழ்நாட்டில் ஒரு சின்னப் பங்கு. மொழிகள் எண்ணூறுக்கு மேல். ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டினால் வேறு பேச்சு. இத்தனைக்கும் நடுவில் எல்லோரையும் இணைப்பது 'டோக் பிசின்'. வெள்ளைக்காரர்களின் தோட்டங்களில் பல தீவுக்காரர்களும் ஒன்றாக வேலை செய்தபோது உருவான பேச்சு. சொற்களில் பெரும்பகுதி இங்கிலீஷிலிருந்து வந்தவை, உள்ளே இருக்கிற எலும்புக்கூடு அந்தத் தீவுகளின் பழைய மொழிகளுடையது.

பிரச்சினை அந்த எலும்புக்கூட்டில்தான். தம்பி போய் இறங்கியதும் வாரக்கணக்கில் ஒரு வகுப்பு நடந்தது. இங்கிலீஷ் வழியாக டோக் பிசின். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த இவனுக்கு முதல் வாரமே எல்லாம் புரிகிற மாதிரி இருந்தது. "சார், இது ஒரு மாசத்து வேலை" என்று எனக்குப் பதிவு அனுப்பினான். அதை இன்னும் வைத்திருக்கிறேன். குரலில் எவ்வளவு தெம்பு!

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் காலை வாரியது. 'ஸ்டாப்' என்றால் நிற்பது இல்லையாம், இருப்பது. "பாட்டர் இ ஸ்டாப்?" என்று வாசலில் கேட்டால் சாமி இருக்கிறாரா என்று அர்த்தம், இவன் தன்னை யாரோ நிறுத்தச் சொல்கிறார்கள் என்று விழித்தான். 'துமாஸ்' என்றால் அளவுக்கு மீறி இல்லை, மிகவும். 'கிசிம்' என்றால் முத்தம் இல்லை, எடு, வாங்கு, கொண்டுவா. நற்கருணை வாங்குவதற்கும் அந்தச் சொல்தான், முதல் முறை கேட்டபோது இவன் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைச் சொல்லித் தீரவில்லை. 'மேரி' என்றால் பெண். "ஓல் மேரி இ காம்" என்று ஒருவர் வந்து சொல்ல, மரியாயின் சேனைக்காரர்கள் செபமாலை சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவசர அவசரமாக அங்கி போட்டுக்கொண்டு ஓடினான். தண்ணீர்க் குழாய் பழுதானதைச் சொல்ல வந்த பெண்கள் நின்றிருந்தார்கள்.

இதெல்லாம் சிரிப்பு. 'கிலிம்' சிரிப்பாக இல்லை. ஒரு சாயங்காலம் ஒரு சிறுவன் ஓடிவந்து, இன்னார் தன் அண்ணனை 'கிலிம்' பண்ணிவிட்டார் என்றான். இவன் கொலை என்றே எடுத்துக்கொண்டான். வேர்த்து விறுவிறுத்து டவுனில் இருந்த மூத்த சாமிக்குப் போன் போட்டு, இங்கே ஒரு கொலை நடந்துவிட்டது என்றான். பக்கத்தில் நின்றவர்கள் அதைக் கேட்டார்கள். டோக் பிசினில் 'கிலிம்' என்றால் அடிப்பது, காயப்படுத்துவது. சாகும்படி அடித்தால் 'கிலிம் இ டாய்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நடந்தது பன்றி வேலி தொடர்பாக அண்ணன் தம்பிக்குள் ஓர் அறை. ஆனால் அந்த மலைநாட்டில் கொலை என்ற சொல்லுக்கு விலை உண்டு, ஒரு சாவுக்காக இரண்டு குலங்கள் வில்லும் துப்பாக்கியும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிற இடங்கள் உண்டு. அன்று இரவு பெரியவர்கள் வந்து கலைத்துவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. மூத்த சாமி வந்து வாங்கிய வாங்கில் இவன் இரண்டு நாள் வெளியே வரவில்லை.

இதைக் கேட்டபோது எனக்குத்தான் சுருக்கென்றது. அந்தச் சொல்லை இவன் இங்கிலீஷ் காதால் கேட்டான். அந்தக் காதை வைத்தவன் நான்.

கிட்டங்கி

சொற்பிழை ஒரு பக்கம். இன்னொன்றும் உண்டு, அதை நான்தான் கண்டுபிடித்தேன், அவன் கடைசிவரை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஐயா பர்மாவில் இருந்தவர். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வட்டிக்கடை வியாபாரத்துக்குப் போனவர்களில் ஒருவர். கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகப் போய், பொறுப்பாளருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக வளர்ந்து, மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வருவார், திரும்பப் போவார். அவர்கள் தங்கியது கிட்டங்கியில். ஒரே கட்டடத்தில் வரிசையாகக் கடைக்காரர்கள், ஆளுக்கொரு பெட்டி, அதற்குப் பக்கத்திலேயே பாய், நம் ஊர்ச் சமையல்காரர், நம் ஊர்ச் சாப்பாடு, பக்கத்தில் முருகன் கோயில். வெளியே பர்மா, உள்ளே காரைக்குடி. ஐயா பேசிய பர்மியம் வட்டி, நெல், நிலம், கெடு இவற்றைத் தாண்டியதில்லை, தாண்ட வேண்டிய தேவையும் இல்லை. வியாபாரத்துக்கு அது போதும். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அப்படி இருந்ததால்தான் இங்கே இந்த வீடுகள் எல்லாம் எழுந்தன.

ஆனால் ஒருவனுடைய சாவுப் படுக்கையில் உட்கார்ந்து பேசப் போகிறவனுக்குக் கிட்டங்கி ஆகாது. தம்பிக்குக் கிட்டங்கி எது என்றால் அவன் கைப்போன். அங்கே நேரம் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அம்மா செபமாலை முடித்துச் சாப்பிட்டு எட்டரைக்குக் கூப்பிடுவார், அங்கே நடு இரவு ஒரு மணி. சிக்னலுக்காக மேட்டின்மேல் ஏறி, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்று பேசுவான். மலைநாட்டு இரவுக் குளிர் நம் மார்கழியெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாத குளிராம். ஒரு மணி நேரம் ஊர்க்கதை. அப்புறம் எனக்கு ஒரு பதிவு. அப்புறம் சிநேகிதர்கள். காலையில் கண் எரிய எழுந்து, கடனே என்று பூசை வைத்து, பகலெல்லாம் தூங்கி வழிந்தால் எந்த மொழி உள்ளே போகும்? பகலில் அங்கே இருந்தது அவன் உடம்பு மட்டும்தான்.

சாப்பாட்டிலும் அதே கதை. காலை மாலை கௌகௌ, அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அவித்தது, சுட்டது, தேங்காய்கூட இல்லாத வெறும் கிழங்கு. விசேஷம் என்றால் 'முமு': குழி வெட்டி, பழுக்கக் காய்ச்சிய கல்லைப் போட்டு, வாழை இலையால் சுற்றிய பன்றிக்கறியும் கிழங்கும் கீரையும் வைத்து மண்ணால் மூடி மணிக்கணக்கில் வேகவிடுவது. உப்பைத் தவிர வேறு காரசாரம் கிடையாது. நம்ம ஊர்க் கறிக்குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு அதை ஏற்குமா? அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்ப் பொடியைத் தன் அறையில் வைத்துக்கொண்டு, கிழங்கை அங்கே எடுத்துப் போய்த் தனியாகத் தின்றான். வெட்கம். அந்த ஊரில் தனியாகத் தின்பதைவிடப் பெரிய அசிங்கம் இல்லை என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. சாமி எதையோ ஒளித்துத் தின்கிறார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் பொடி டப்பாவை வெளியே கொண்டுவந்து எல்லோருக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தான். பிள்ளைகள் ஓடைக்கு ஓடின. ஒரு கிழவர் மட்டும் இன்னொரு சிட்டிகை கேட்டார்.

உபதேசியார்

அந்தக் கிழவர்தான் ஊர் உபதேசியார். அங்கே 'கடேகிஸ்' என்பார்கள். இங்கிலீஷ் ஒரு வார்த்தை கிடையாது. வடக்குக் கரையோரத்துக்கு முதல் கத்தோலிக்க மிஷனரிகள் 1896-இல் வந்தார்கள், மலைநாட்டுக்கு அதற்கு வெகுகாலம் கழித்து. அன்றிலிருந்து இன்றுவரை சாமி இல்லாத ஞாயிறுகளில் கோயிலைத் தாங்குவது இந்த உபதேசியார்கள்தான். போருக்கு நடுவில் ஜப்பானியர் சாமிமாரைப் பிடித்துப் போனபோது பங்கைக் கட்டிக் காத்து 1945-இல் கொல்லப்பட்ட பீட்டர் டோ ரோட் ஓர் உபதேசியார்தான், 2025 அக்டோபரில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். நம் ஊர் உபதேசியார்களையும் நினைத்துக்கொள்ளலாம். எத்தனை வெள்ளைக்காரச் சாமிகளுக்குத் தமிழ் வாயில் நுழைய இவர்கள் காரணமாக இருந்திருப்பார்கள், யார் பெயர் எழுதி வைத்தார்கள்?

அந்த முதல் பிரசங்கத்துக்குப் பிறகு கிழவர் தம்பியைத் தனியே கூப்பிட்டார். தன் நெஞ்சில் கைவைத்து, தம்பியின் நெஞ்சிலும் கைவைத்து, "யுமி" என்றார். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, தூரத்தில் நின்ற தன் மனைவியைக் காட்டி, தம்பியைப் பார்த்து 'நீ இல்லை' என்று கையை ஆட்டி, "மிபெலா" என்றார். வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், 'உட்படுத்தும் பன்மை, விலக்கும் பன்மை' என்று அட்டவணை போட்டு, இங்கிலீஷில். இவன் மனப்பாடமும் செய்திருந்தான். ஆனால் பிரசங்கத்தை எழுதியது இங்கிலீஷில். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். மொழிபெயர்த்தபோது கைக்கு வந்தது 'மிபெலா'.

அன்று இரவு அம்மாவோடு பேசும்போது, "நாங்க எல்லாரும் ஓரியூர் போறோம், நீதான் இல்ல" என்றாராம் அம்மா. மேட்டில் நின்றபடியே இவனுக்குப் பளிச்சென்றது. நாங்க. நீ இல்ல. இது மிபெலா! அப்படியானால் யுமி? நாம. "சார், அவ்வளவுதான் சார், இதுல படிக்க என்ன இருக்கு, இதுக்காகவா ரெண்டு வாரம் அட்டவணை போட்டேன்?" என்று அந்த நடு இரவிலேயே எனக்குப் பதிவு அனுப்பினான். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னான். கர்த்தர் கற்பித்த செபம் டோக் பிசினில் "பாப்பா பிலோங் மிபெலா" என்று தொடங்குகிறது. ஏன் யுமி இல்லை? கடவுளிடமே பேசும்போது கடவுளை 'நாம்' என்பதற்குள் சேர்க்க முடியாதே. தமிழில் எப்படிச் சொல்கிறோம்? "எங்கள் தந்தையே." 'நம் தந்தையே' இல்லை. சின்ன வயதிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற செபத்தில் இந்த இலக்கணம் இருந்திருக்கிறது, அவனுக்கும் தெரியவில்லை, முப்பது வருடம் வாத்தியாராக இருந்த எனக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு அவன் நோட்டை மாற்றினான். டோக் பிசின் சொல்லுக்கு எதிரே தமிழ் மட்டும் எழுதுவது என்று முடிவு. முடிந்தால் எழுத்துத் தமிழ்கூட வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழ். (வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒன்று, பேச்சுத் தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியாக இலக்கணம் எழுதினார். இத்தாலியிலிருந்து வந்தவருக்கு அந்த விவரம் இருந்தது.) எழுத எழுத, இங்கிலீஷில் சுற்றி வளைத்து விளக்க வேண்டியவை எல்லாம் தமிழில் ஒரே சொல்லில் உட்கார்ந்தன. அம்மாவின் உடன்பிறந்தவரைப் பழைய ஆட்கள் 'கண்டேரே' என்கிறார்கள். இங்கிலீஷில் எல்லாரும் அங்கிள், நமக்குத் தாய்மாமன், யார் மடியில் காது குத்துகிறோமோ அவர். யாராவது தடுக்கி விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் 'சோரி' என்பார்கள். தள்ளிவிடாத ஆள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்று இவன் குழம்பிக்கொண்டிருந்தான். அது நம் "அடப் பாவமே".

வயிறு சம்பந்தப்பட்டது இன்னும் அழகு. அங்கே மனசு வயிற்றில் இருக்கிறது. 'பெல்' என்றால் வயிறு. கோபம் வந்தால் 'பெல் ஹாட்', வயிறு சூடு. சமாதானம் 'பெல் இசி'. மனந்திரும்புவது 'டானிம் பெல்', வயிற்றைத் திருப்புவது. இங்கிலீஷில் சொன்னால் வயிற்றுப்போக்கு மாதிரி இருக்கிறது. வயிறு எரிகிறது, வயிற்றில் பால் வார்த்தாய், பெற்ற வயிறு துடிக்கிறது என்று பேசுகிற நமக்கு இதில் என்ன விளக்கம் வேண்டும்?

எல்லாமே இப்படிப் பொருந்தியது என்று நினைக்க வேண்டாம். பொருந்தாததும் இருந்தது. மரியாதைப் பன்மை கிடையாது, ஆயரும் 'யு', நாயும் 'யு', கடவுளும் 'யு'. எழுபது வயதுக் கிழவரை 'யு' என்று கூப்பிட அவனுக்கு நாக்குக் கூசியது, கடைசியில் 'பாப்பா' என்று முன்னால் சேர்த்துக்கொண்டு சமாளித்தான். தலையாட்டலில் வேறு வம்பு. நாம் 'சரி' என்று பக்கவாட்டில் ஆட்டுவதை அவர்கள் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டார்கள், பல வீடுகளில் பசியோடு திரும்பினான். அங்கே ஆமாம் என்றால் புருவத்தை உயர்த்துவார்கள், அவ்வளவுதான், வாய் திறப்பதில்லை. இவன் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்பான், அவர்கள் எப்போதோ சொல்லி முடித்திருப்பார்கள்.

அப்பத்தா

போய்ப் பதினோராம் மாதம் அப்பத்தா இறந்துபோனார். காலையில் உயிர் போய் மாலையில் அடக்கம். மலையிலிருந்து இறங்கித் தலைநகர் போய் விமானம் மாறி மாறி வருவதற்குள் காரியமே முடிந்துவிடும் என்று வரவேண்டாம் என்றுவிட்டார்கள். உபதேசியார் கிழவரிடம் மட்டும் சொன்னான், அதுவும் பூசைக்கு மணி அடிக்க வந்தவரிடம் போகிற போக்கில்.

சாயங்காலம் பார்த்தால் வாசலில் சனம். பெண்கள் உடம்பில் சேற்றைப் பூசிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து அழுதுகொண்டே வந்தார்கள். 'ஹவுஸ் கிராய்', அழுகை வீடு. கிழங்கும் வாழைத்தாரும் விறகும் பணமும் கொண்டுவந்து வைத்தார்கள், தீ மூட்டி உட்கார்ந்தார்கள். பார்த்திராத, பெயர் தெரியாத ஒரு தேவகோட்டைக் கிழவிக்காக. "நம்ம ஊர் ஒப்பாரியேதான் சார், ராகம்தான் வேற" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் பேச்சு வரவில்லை.

அழுது ஓய்ந்ததும் கேட்டார்கள், யார் அந்த அம்மா, சொல்லு. சொல்லியாக வேண்டும், அதுதான் முறை. எழுதி வைக்காமல், இங்கிலீஷும் இல்லாமல், இவன் ஆரம்பித்தான். அப்பத்தாவுக்கு அங்கே 'புபு'. பேரனும் 'புபு'தான், இரண்டு பக்கமும் ஒரே சொல். நம்மிடமும் பேரன் என்றால் பெயரன், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். இவனுக்கும் தாத்தா பெயர்தான் வைத்திருந்தார்கள். அதனால் அப்பத்தா ஒருநாளும் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதே, "ஐயா, இங்க வாய்யா" என்றுதான் கூப்பிடுவார். இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு, பெண்கள் சிரித்தார்கள், கண்ணீரோடு சிரித்தார்கள். அங்கேயும் சம்பந்தி வகை உறவுகளை 'தம்பு' என்பார்கள், தம்பு ஆனவர் பெயரைச் சொல்லக் கூடாது. விலக்கு என்பதற்கும் அதே சொல். பெயரைச் சொல்ல முடியாமல் சுற்றிச் சுற்றிப் பேசுகிற கிழவிகள் அந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ பேர். ஒருத்தி எழுந்து தன் பேரனை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று நடித்தே காட்டினாளாம்.

அப்புறம் வெற்றிலை. அப்பத்தா பல் போன பிறகு வெற்றிலையைச் சின்ன உரலில் இடித்துப் போடுவார். அங்கே 'புவாய்' என்று பச்சைப் பாக்கை, 'டாகா' என்கிற வெற்றிலைக் கொடியின் காயோடும், 'கம்பாங்' என்கிற சுண்ணாம்போடும் மெல்லுகிறார்கள். மலையில் இந்தப் பாக்கு விளையாது, கரையோரத்திலிருந்து மூட்டையாக ஏறி வருகிறது. இலைக்குப் பதில் காய், மற்றதெல்லாம் ஒன்றுதான். உரல் கதையைக் கேட்டதும் ஒரு கிழவர் மடியிலிருந்து பாக்கு எடுத்து, பல்லால் உடைத்து, இவன் கையில் வைத்தார். அதுவரை எத்தனையோ பேர் நீட்டியும் வேண்டாம் என்றவன் அன்று வாங்கிப் போட்டுக்கொண்டான். இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறான். "எந்த வார்த்தை போட்டேன்னு இப்ப நினைச்சாலும் ஞாபகம் வரல சார்" என்றான். மறுநாளிலிருந்து போன் கிட்டங்கி தானாகச் சின்னதாகிவிட்டது, அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை, அதுவும் அங்கே பகல் நேரத்தில்.

மலைநாட்டில் அந்த ஊருக்கென்று இருக்கிற 'டோக் பிளெஸ்', ஊர்ப்பேச்சு, அவனுக்கு இன்னும் வசப்படவில்லை. தொனியில் எங்கேயோ தப்புகிறது என்கிறான். பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகச் சொன்னேன், 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்துதான் அ, ஆ எழுதினார். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் பன்றியும் பணமும் கொடுக்கிற வழக்கத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. நம் பக்கத்தில் பெண் வீட்டார் லாரி கட்டிச் சாமான் அனுப்புவதை அங்கே சொன்னபோது, பெண்ணையும் கொடுத்துப் பணமும் கொடுப்பீர்களா, உங்கள் ஊரில் பெண்கள் என்ன அவ்வளவு மட்டமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். இவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

என் பங்குக்கு ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். இந்த வருடம் அதே நாட்டுக்குப் போகிற மூன்று சிஸ்டர்கள் வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். தம்பியின் பதிவுகளை வைத்துத் தமிழ் வழியாகவே டோக் பிசின் படிக்கிறோம், நான் வாத்தியார் இல்லை, நானும் படிக்கிறேன். ஒரு சிஸ்டர் முதல் நாளே கேட்டார், "சார், இதுக்கு இங்கிலீஷ்ல புத்தகமே இருக்கே?" இருக்கிறது, நல்ல புத்தகங்களே இருக்கின்றன, போன பிறகு படித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

விடுப்பு முடிவதற்கு முதல் நாள் தம்பி வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கோழிக்குழம்பு, மீன் வறுவல், பருப்பு, ரசம், அந்த அம்மா மூன்று வருடத்தையும் ஒரே இலையில் போட்டுவிட்டார். "இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவா சாமி?" என்றார். தம்பி புருவத்தை உயர்த்தினான். அம்மா கரண்டியோடு நின்றார். திரும்பக் கேட்டார். திரும்பவும் புருவம். "என்னய்யா, வேணும்னா வேணும்னு சொல்லு, முழிக்கிற?" நான்தான் சிரித்துக்கொண்டே, வைங்கம்மா, ஆமாங்கிறான் என்றேன்.

குழம்பைப் பிசைந்துகொண்டே அவன் என் பக்கம் திரும்பி, "எங்க ஊர்ல இந்நேரம் மழை ஊத்தும் சார், நாங்க எல்லாரும் தீயைச் சுத்தி உக்காந்திருப்போம்" என்றான்.

அம்மாவின் கை நின்றது.

"எந்த ஊருப்பா, எங்க ஊரு?"